குறும்படமும் ஓர் அமானிதமே

எழுத்தும் சொல்லும் பொருளும் பயிற்றுவிக்க வேண்டிய தமிழ்த் துறைக்குக் கேமராவோடு என்ன உறவு? மாணவர் குறும்படம் ஒன்றை உருவாக்க எம் துறை இசைவளித்த நாள்தொட்டு, கல்லூரியின் நலம் நாடும் பெரியோர் சிலர் இவ்வினாவை எழுப்பி வருகின்றனர். வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. திரைப்படம் என்றவுடன் கேளிக்கையும் ஆடம்பரமுமே நினைவுக்கு வரும் சூழலில், பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பெற்றோர் அஞ்சுவது இயல்பே.

ஆயினும் மற்றொரு பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று கைப்பேசி இல்லாத மாணவர் அரியர். கைப்பேசி உள்ளவர் எல்லாரும் படம் எடுக்கின்றனர். வீட்டு விருந்தையும் எடுக்கின்றனர். வீதியில் அடிபட்டுக் கிடப்பவரையும் எடுக்கின்றனர். நாம் கற்பித்தாலும் கற்பிக்காவிட்டாலும் அவர்கள் எடுக்கத்தான் போகின்றனர். கற்று எடுப்பதா, கல்லாது எடுப்பதா என்பதே நம்முன் உள்ள வினா. பிறருடைய முகமும் குரலும் அவர்கள் நம்மிடம் ஒப்படைக்கும் அமானிதம். அதனை உணர்த்தும் பொறுப்பு, மொழியோடு வாழ்வையும் சேர்த்துக் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு உண்டு என்பதே எம் கருத்து.

குறும்படம் திரைப்படத்தின் தம்பி என்று கருதுவோர் உளர். உண்மையில் அதுவே மூத்தது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைவானவை. தொழிற்சாலையை விட்டு வெளியேறும் தொழிலாளரைக் காட்டும் படம் அவற்றுள் ஒன்று. உழைக்கும் மக்களை உற்றுநோக்குவதில்தான் இக்கலை தொடங்கியது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இக்கலைக்கும் இலக்கியத்திற்கும் உள்ள உறவுக்கு ஈரான் நாட்டில் நல்ல சான்றுகள் உள்ளன. பாரசீகக் கவிஞர் ஃபுரூஹ் ஃபரோக்ஸாத் 1962ஆம் ஆண்டு தப்ரீஸ் நகரையடுத்த தொழுநோயாளர் குடியிருப்பில் பன்னிரண்டு நாள் தங்கி எடுத்த குறும்படம் உலகப் புகழ் பெற்றது. திருமறை வசனங்களும் அவருடைய கவிதையும் அவர் குரலிலேயே அதில் ஒலிக்கின்றன. படத்தைத் தொகுத்தவரும் அவரே. அப்பாஸ் கியாரோஸ்தமியின் முதற்படம் 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. ரொட்டி வாங்கிவரும் சிறுவன் ஒருவன் சந்தில் நிற்கும் நாயைக் கடந்து வீடு செல்வது எப்படி என்பதே அதன் கதை. ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் முடியும் அப்படத்தில் ஆடம்பரம் ஏதும் இல்லை. அச்சமும் அன்பும் உண்டு.

திட்டமிடுதலில் தமிழ் மாணவர் பிறரினும் ஒரு படி முன்னே நிற்கின்றனர். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பகுப்பை அவர்கள் தொல்காப்பிய வகுப்பிலேயே கற்றுவிடுகின்றனர். காட்சி நிகழும் இடமும் பொழுதும் முதல். அங்குள்ள மரமும் மாடும் தறியும் உணவும் கரு. மாந்தர் உள்ளத்து உணர்வு உரி. இம்மூன்றையும் ஒவ்வொரு காட்சிக்கும் எழுதிப் பார்த்தபின் எம் மாணவருக்குத் தனியே பயிற்சி நூல் தேவைப்படவில்லை. திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. பத்து நிமிடப் படத்திற்கு இருபத்தாறு பக்கம் எழுதி வந்தவர்களைப் பத்துப் பக்கமாகச் சுருக்கச் செய்ததே எம் முதற்பாடம்.

பொழுதைக் கணிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்குச் சத்யஜித் ராயின் அனுபவம் ஒன்றுண்டு. 1955ஆம் ஆண்டு வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'க்காக 1952ஆம் ஆண்டு அவர் நாணற்பூ மலர்ந்த வெளியில் முதல் நாள் படமெடுத்தார். அடுத்த வாரம் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும் பருவம் வரும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. அன்று அவருடைய ஒளிப்பதிவாளர் திரைப்படக் கேமராவை அதற்குமுன் இயக்கியறியாத இளைஞர். அனுபவமின்மை ஒரு குறையன்று, பொறுமையின்மையே குறை.

எம் மாணவர் எடுத்துக்கொண்ட பொருள் கோரைப்பாய் நெசவு. மாணவியர் மூவரும் மாணவர் இருவருமாக ஐவர் கொண்ட குழு அது. அண்மைச் சிற்றூர் ஒன்றில் ஐம்பது ஆண்டுகளாகப் பாய் நெய்யும் மூதாட்டி ஒருவரை அவர்கள் அணுகினர். "கையை எடுத்துக்கோங்க மக்கா, முகம் வேண்டாம்" என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. வீட்டினுள் மாணவியர் படம் எடுத்தனர். ஆற்றங்கரையில் கோரை அறுப்பதை மாணவர் எடுத்தனர்.

படப்பிடிப்பில் கண்ணைவிடக் காதுக்கே வேலை மிகுதி என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். கோரையைச் செலுத்தி அச்சால் இறுக்கும் ஓசை தெளிவாக வேண்டுமெனில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் ஒலியைப் பதிந்துகொள்ள வேண்டும். தொகுக்கும்போது இடைவெளிகளை நிரப்ப அது உதவும். பள்ளிவாசலிலிருந்து பாங்கோசை எழும்போதெல்லாம் பதிவை நிறுத்தினர். மரியாதை ஒரு காரணம். பாங்கு ஒலிக்கும் காட்சியை இடையில் வெட்டினால் ஓசை அறுபட்டு ஒலிக்கும் என்பது மற்றொரு காரணம். அன்றன்று எடுத்ததை அன்றிரவே இரு வேறு இடங்களில் படியெடுத்து வைத்ததும் நற்பழக்கமே.

படத்தொகுப்புக்கு வருவோம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்ததாகக் கூறப்படும் சோதனையைத் திரைக்கலை பயில்வோர் அறிவர். நடிகர் ஒருவரின் உணர்ச்சியற்ற முகத்தை அடுத்து உணவுக் கிண்ணம் காட்டப்பட்டபோது பார்த்தோர் அம்முகத்தில் பசியைக் கண்டனர். அதே முகத்தை அடுத்துச் சவப்பெட்டியில் குழந்தை காட்டப்பட்டபோது துயரத்தைக் கண்டனர். முகம் மாறவில்லை, அண்டை மாறியது, பொருள் மாறியது. சொற்களைப் பிரித்துப் பொருள் கொள்ளப் பழகிய தமிழ் மாணவருக்கு இது வியப்பன்று. ஆனால் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் ஆற்றலும் இதனுள் உள்ளது என்பதை மறத்தலாகாது.

எதை நீக்குவது என்பதற்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களை விடச் சிறந்த அளவுகோல் எமக்குத் தென்படவில்லை. ஒரே செய்தியை இருமுறை காட்டினால் கூறியது கூறல். நெசவைக் காட்ட வந்து ஆற்றின் அழகில் மூன்று நிமிடம் செலவிட்டால் மற்றொன்று விரித்தல். விறுவிறுப்பாகத் தொடங்கி இறுதியில் வலுவிழந்தால் சென்று தேய்ந்திறுதல். இவ்வளவுகோலால் நாற்பது நிமிடக் காட்சிகளை ஒன்பதரை நிமிடமாக மாணவர் குறைத்தனர்.

ஆயினும் எந்த இலக்கணமும் தீர்த்துவைக்காத சிக்கல் ஒன்று எஞ்சியது. மூன்றாம் நாள் பேச்சினிடையே, மகளின் திருமணத்திற்காக அடகு வைத்து மீட்க முடியாமற் போன நகையைப் பற்றி அம்மூதாட்டி சொன்னார். சொல்லும்போதே கண்ணீர் பெருகியது. கைகளை நோக்கியிருந்த கேமரா தன்னையறியாமல் உயர்ந்து அவர் முகத்தைப் பதிவு செய்துவிட்டது. நாற்பது நொடிக் காட்சி. படம் முழுவதிலும் அதற்கு இணையான காட்சி வேறில்லை. தொகுத்த மாணவர் அதையே முடிவாக வைத்திருந்தார்.

திரையிடுமுன் உரியவரிடம் காட்டவேண்டும் என்பது எம் துறை வகுத்த விதி. காட்டினோம். அவர் அமைதியாகப் பார்த்தார். "அழுதது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது மக்கா. ஊருக்கு வேண்டாமே" என்றார். அன்று மாலை துறையில் நடந்த விவாதம் எளிதானதன்று. உண்மையை வெட்டி எறிந்துவிட்டு உண்மைப் படம் என்று எப்படிப் பெயரிடுவது என்று கேட்டார் தொகுத்த மாணவர். நெசவாளர் துயரை உலகம் அறிந்தால் அவர்களுக்கு நன்மைதானே என்றார் ஒரு மாணவி. இரண்டும் புறந்தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. எனினும் அந்த உண்மை நமக்கு உரியதன்று, அவருக்கு உரியது. ஒப்படைத்தவர் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் அமானிதம்.

காட்சி நீக்கப்பட்டது. அதனிடத்தில் ஆளில்லாத தறியும் தொலைவில் ஒலிக்கும் அச்சோசையும் சேர்க்கப்பட்டன. பின்னர்க் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில், முடிவில் உணர்ச்சி குன்றிவிட்டது என்று நடுவர் ஒருவர் குறிப்பிட்டார். பரிசும் கிட்டவில்லை. நடுவர் கூற்றில் பிழையில்லை. படம் ஒரு படி இறங்கியது உண்மையே. அந்த இறக்கத்தை ஏற்றுக்கொண்டதைத்தான் எம் மாணவர் பெற்ற கல்வி என்று நாம் கருதுகின்றோம். தொகுத்த மாணவர் இன்னும் முழுமையாக உடன்படவில்லை. அவருடைய மறுப்பையும் நாம் மதிக்கின்றோம். அந்தக் காட்சியை வெட்டியது அவர் கைதான்.

எனவே பெரியோர்க்கு எம் பணிவான வேண்டுகோள்: கேமராவைக் கல்லூரி வாயிலில் தடுக்க வேண்டா, அதனை வகுப்பறைக்குள் அழைத்து வந்து நெறிப்படுத்த எமக்குத் துணை நில்லுங்கள். மாணவர்க்கு எம் வேண்டுகோள் மூன்று. எழுதாமல் எடுக்காதீர்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். உரியவரிடம் காட்டாமல் ஊருக்குக் காட்டாதீர்கள்.

அம்மூதாட்டி நம் கல்லூரியில் நடந்த திரையிடலுக்கு வந்திருந்தார். தம் கைகள் திரையில் பெரிதாகத் தோன்றியபோது அருகிலிருந்த பேத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.