பெட்டி மாறிற்று, கத்தி மாறவில்லை

தொலைக்காட்சியின் காலம் முடிந்தது, கைப்பேசி வந்தபின் அப்பெட்டிக்கு இனி வாழ்வில்லை என்று நம் அன்பர் சிலர் தீர்ப்புக் கூறுகின்றனர். பழையது அழியும், புதியது அதன் இடத்தில் அமரும், இது காலத்தின் நியதி என்கின்றனர். நன்னூற் சூத்திரம் ஒன்றையும் துணைக்கு அழைக்கின்றனர். நன்னூலார் மொழி வழக்கைக் குறித்துச் சொன்னதை மனிதர் வாழ்வின்மேல் ஏற்றுவது முறையன்று. அது ஒருபுறம் இருக்க, தலைவிதியை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டுவோரே அவ்விதிக்குக் காலம் என்று புதுப்பெயர் சூட்டித் தொழுவதை நாம் ஒப்புவதற்கில்லை.

நடந்தது யாது? மலேசியாவில் தொலைக்காட்சி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கிற்று. அதனால் வானொலி மாண்டுவிடவில்லை, மின்னல் எப்.எம். இன்றும் தமிழில் ஒலிக்கின்றது. 1978-இல் வண்ணப்படம் வந்தது. 1996-இல் செயற்கைக்கோள் வழியே ஆஸ்ட்ரோ வந்தது. 2019-இல் பழைய அலைமுறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, இலக்கமுறை ஒளிபரப்பே எஞ்சிற்று. ஜூலையில் லங்காவியில் தொடங்கிய நிறுத்தம், அக்டோபர் 31-ஆம் நாள் சபா, சரவாக்கில் நிறைவெய்திற்று.

அம்முறை மூப்படைந்து தானே இறந்ததா? இல்லை. அரசாங்கத்தார் நாள் குறித்து நிறுத்தினர். அது பிடித்திருந்த அலைவரிசையைக் கைப்பேசித் தொடர்புக்கு விடுவிக்க எண்ணினர். இந்தியாவில் தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாளோடு நின்றதும், நட்டம் தாங்க இயலாது என்று மனிதர் செய்த முடிவினாலேயே. ஆகவே, ஒரு கருவியின் மரணம் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் ஒரு தீர்மானமே என்பது நமது துணிபு. தீர்மானமாயின், செய்தவர் யார், பயனடைந்தவர் யார், செலவைச் சுமந்தவர் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இக்கேள்வியோடு நெகிரி செம்பிலானில், சிரம்பானை அடுத்த செண்டாயானுக்குச் செல்வோம். தோட்டப்புறத்து லயங்களில் வாழ்ந்த நம் மக்கள் கருப்பு வெள்ளையையும் கண்டனர், வண்ணத்தையும் கண்டனர், பின்னர்த் தட்டுப்போன்ற வானலை வாங்கியையும் கூரைமேல் ஏற்றினர். ஆயின், விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் சீவச் சென்றவர் கையில் இருந்தது யாது? 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவும் முறையை வகுத்தார். அன்றும் கத்தியும் கையுமே. இன்றும் பெரும்பாலும் அவையே. பொறிகள் ஆராயப்படாமல் இல்லை. எனினும் அவை கத்தியை ஓட்டவில்லை.

பழையது அழியும் என்ற நியதி அக்கத்தியை மட்டும் எவ்வாறு மறந்தது? விடை எளிது. தொலைக்காட்சிப் பெட்டி தொழிலாளிக்கு விற்கப்படும் பொருள். அது புதிதாகுந்தோறும் விற்பவனுக்கு ஆதாயம். கத்தியோ தொழிலாளியின் உழைப்பைக் கொள்ளும் கருவி. கை மலிவாகக் கிடைக்கும்வரை பொறிக்குப் பணம் செலவிடும் முதலாளி அரியன். மலிந்த கூலியே பழமைக்கு உறுதியான காவல்!

கத்தி மாறாத நிலத்தில் மரம் மாறிற்று. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. தோட்ட நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் நகரியமும் தொழிற்பேட்டையும் எழுந்துள்ளன. நகரம் எழுந்ததை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கின்றோம். அலைபரப்பை நிறுத்துமுன் அரசாங்கத்தார் முன்னறிவிப்புத் தந்தனர். உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பங்களுக்கு மாற்றுப்பெட்டியை விலையின்றி வழங்கினர். நாடெங்கும் தோட்டங்கள் கைமாறியபோது, லயத்தை விட்டு இறங்கிய குடும்பங்களுக்கெல்லாம் அவ்வாறு முன்கூட்டியே மாற்றுவீடு கிடைத்ததா? படம் தடைப்படலாகாது என்று காட்டிய கவலையில் பாதியேனும், குடி தடைப்படலாகாது என்பதில் காட்டப்பட்டதா? தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பங்குப்பணத்தால் தோட்டங்களை வாங்கச் செய்தார். விதி என்று வாளாவிருந்தால் அது நடந்திராது.

பழையதைப் போற்றிக் காக்கவோ நாம் எழுதுகின்றோம் என்பாருக்கு ஒரு சொல். பால் சீவும் கத்தி நாளையே பொருட்காட்சிச் சாலைக்குச் செல்லட்டும். நாம் கண்ணீர் வடியோம். ஆனால் கத்தி செல்லுமுன், அதைப் பிடித்த கைக்கு வேலையும், அக்கைக்குரியவனுக்கு நிலைத்த வீடும் அமையட்டும். ஒரு பெட்டிக்குச் செய்த நீதியை மனிதனுக்கும் செய்யுங்கள் என்பதன்றி நாம் வேறொன்றும் கேட்கவில்லை.