கழுவாத குழலும் புகையில்லா மருந்தும்

போன மாதம் வெள்ளிமலைப் பக்கம் ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறும் பஸ். காரியம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது பேச்சு காட்டுப்பன்றிக்கு வந்தது. கல்வராயன் மலையில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். ஆறு மாதம் காத்த மரவள்ளியை ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிட்டுப் போகிறது என்றால் வேறு எதைப் பேசுவார்கள்?

அங்கே ஒரு பெரியவர். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா காலத்திலேயே உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார். வாய் வழியாகக் கருமருந்து போட்டு, நார் வைத்து இடித்து, கேப் மாட்டி வெடிக்கும் வகை.

"குறி நிக்கல மிலிட்டிரிக்காரரே. ஒரு பக்கம் புடிச்சா இன்னொரு பக்கம் போவுது. அதுக்கும் வயசாயிடுச்சு" என்றார்.

பக்கத்தில் அவர் பேரன், காலேஜ் படிக்கிற பையன், போனில் ஒரு அமெரிக்க வீடியோவைக் காட்டினான். "பாருங்க தாத்தா, இதுவும் வாய் வழியா மருந்து போடுறதுதான். புகையும் இல்ல, கரியும் இல்ல. தோட்டாவ ஒடச்சி அந்த மருந்தப் போட்டா நம்மளுதும் இப்பிடித்தான் அடிக்கும்."

எனக்கு அந்த இடத்திலேயே பகீரென்றது. துக்க வீடு என்று பார்க்காமல் சத்தம் போட்டுவிட்டேன். தாத்தா சொன்னதும் தப்பு, பேரன் சொன்னதும் தப்பு. தாத்தாவின் தப்பு துப்பாக்கியைக் கெடுக்கும். பேரனின் தப்பு ஆளையே கொல்லும். இரண்டையும் சொல்லித் தர நம் ஊரில் ஒருவரும் இல்லை என்பதுதான் என் கோபம்.

முதலில் பேரன் விஷயம். அவன் காட்டியது பொய்யல்ல. அமெரிக்காவில் சாவேஜ் கம்பெனி புகையில்லா மருந்துக்கென்றே அப்படி ஒரு துப்பாக்கி செய்து விற்றது. ஆனால் அதன் குழல் இன்றைய ரைபிளுக்குப் போடும் எஃகு. பின்பக்கம் போல்ட் வைத்துப் பூட்டியது. எந்த மருந்து, எத்தனை கிரெயின் எடை என்று கம்பெனியே எழுதிக் கொடுத்தது. நம் மலையில் இருப்பது கருமருந்தை மட்டும் நினைத்துச் செய்த குழல். இரண்டிலும் வாய் வழியாக மருந்து போடுகிறோம் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. டிராக்டரும் சைக்கிளும் சக்கரத்தில்தான் ஓடுகின்றன. அதற்காக டிராக்டர் இன்ஜினை சைக்கிளில் பூட்டுவீர்களா?

கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. புகையில்லா மருந்து வேறு ஜாதி. நம் நீலகிரி அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் கார்டைட் பேக்டரி அந்த ஜாதி மருந்துக்காக வைத்ததுதான். எடைக்கு எடை பார்த்தால் கருமருந்தைப் போல ஏறக்குறைய மூன்று பங்கு சக்தி. அதைவிட ஆபத்து, அடைத்து வைக்க வைக்க, அழுத்தம் ஏற ஏற, அது இன்னும் வேகமாக எரியும். நாம் செய்வதோ நாரை வைத்து ஓங்கி இடிப்பது. அளவு தெரியாமல் கைக்கு வந்ததைக் கொட்டி இடித்தால் குண்டு வெளியே போவதற்குள் குழல் பிளக்கும். பிளக்கிற இடத்தில் நம் இடது கை இருக்கும், கண்ணும் பக்கத்தில்தான் இருக்கும். இப்படி இரண்டு விரலை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். இன்றும் ஒற்றைக் கையால்தான் வேட்டி கட்டுகிறார்.

"ஒரு தடவை போட்டோம், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை. 1888இல் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு லீ மெட்ஃபோர்ட் என்ற ரைபிள் வந்தது. கருமருந்துக்கென்று போட்ட குழல். சில வருஷத்தில் அதே ரைபிளில் கார்டைட் மருந்தைப் போட ஆரம்பித்தார்கள். அந்தச் சூட்டில் குழலின் உள்வரி தேய்ந்து குறி கெட்டது. 1895இல் வரியை ஆழமாக வெட்டி லீ என்ஃபீல்ட் என்று புதிதாகவே கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்ஜினியர்களும் பேக்டரிகளும் கையில் இருந்த சர்க்காருக்கே மருந்தை மாற்றியபோது குழலை மாற்ற வேண்டியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து தோட்டாவை உடைக்கும் நமக்கு மட்டும் அது பொருந்தாதா?

இனி தாத்தா விஷயம். துப்பாக்கிக்கு வயசாகவில்லை ஐயா, அழுக்காகியிருக்கிறது. கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் நிற்கிறது, முழுக்கக் காற்றாகிப் போவதில்லை. நாலு வெடி வெடித்தால் குழலின் உள்சுற்றளவே குறுகிவிடும். முதல் குண்டு லேசாகப் போகும், மூன்றாவது குண்டை அடித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் இறுக்கம் மாறினால் குறி எப்படி நிற்கும்? மிச்சமிருக்கும் கசடு உப்பு. மலைப் பனியில் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவை ஆரம்பித்துவிடும்.

பெரியவரிடம் கேட்டேன், "எதில் துடைப்பீர்கள்?" "மண்ணெண்ணெயில்தான். தண்ணி பட்டா துரு புடிச்சிடுமே!" அறுபது வருஷமாகப் பரம்பரையாக நடக்கும் தப்பு இதுதான். உப்பு எண்ணெயில் கரையுமா? சாம்பாரில் உப்பு கூடினால் தாளிப்பு எண்ணெயைக் கூட்டிச் சரி செய்வீர்களா? உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். உப்பின் மேல் எண்ணெயைத் தடவினால் மேலே பளபளப்பு, அடியில் துரு.

நான் 1969இல் பட்டாளத்தில் சேர்ந்தபோது பயிற்சிக்குக் கொடுத்தது .303 ரைபிள். சுட்டு முடித்ததும் உஸ்தாத் முதலில் கேட்பது வெந்நீர். தோட்டாவின் கேப்பில் இருந்த ரசாயனம் எரிந்து குழலுக்குள் உப்பாகப் படியும், அதைக் கழுவத்தான். கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றி, புல்த்ரூ கயிற்றில் சிந்தித் துணி கட்டி இழுத்து, குழலை வெளிச்சத்தில் காட்ட வேண்டும். ஒரு புள்ளி கருப்பு தெரிந்தாலும் மறுபடி முதலில் இருந்து. அன்று திட்டிக்கொண்டே செய்தேன். இன்று அந்த உஸ்தாதுக்கு மனசுக்குள் சல்யூட் அடிக்கிறேன்.

நாட்டுத் துப்பாக்கிக்கும் அதே வழிதான். முதலில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இடிக்கும் கம்பியைக் காலிக் குழலில் விட்டு வாய் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால், பிறகு எப்போது விட்டாலும் தெரிந்துவிடும். கோடு வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. காலி என்று தெரிந்த பிறகு கேப் மாட்டும் குமிழைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் மேலும் கீழும் இழுங்கள். கருப்புத் தண்ணீர் வரும். தெளிவாக வரும்வரை விடாதீர்கள். சூட்டிலேயே குழல் உலர்ந்துவிடும். பிறகு உலர்ந்த துணி, அதன்பின் மெல்லிசாக எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் போதும். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். செம்மண் நிறம் வந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும். அடுத்த முறை மருந்து போடுமுன் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து நமுத்துவிடும். வெடிக்கும் வெடிக்கும் நடுவே ஈரத்துணி ஒரு முறை, உலர்துணி ஒரு முறை. குறி நிற்பதற்கு மட்டுமல்ல இது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி போதும், நாம் கொட்டும்போதே மருந்து பற்றிக்கொள்ள.

"பன்றியைச் சுடக் கற்றுக் கொடுக்கிறீரா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. 2025 ஜனவரியில் அரசு சட்டசபையிலேயே சொல்லிவிட்டது. காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறைக்காரர்தான் சுடலாம். மலையில் காட்டை விட்டு 3 கி.மீ. தள்ளி எத்தனை கொல்லை இருக்கிறது? எனவே நம் ஆள் வெடிப்பது விரட்டத்தான், அதற்குக் குண்டே வேண்டாம், சத்தம் போதும். ஆனால் கையில் துப்பாக்கி உள்ளவனுக்குக் குண்டு எங்கே போகும் என்று தெரியாவிட்டால், அடுத்த கொல்லையில் காவலுக்குப் படுத்திருப்பவன் கதி என்ன?

இன்னொரு பேச்சும் வரும். "மலையில் இருப்பதில் பாதி கள்ளத் துப்பாக்கி, அதற்கு எதற்குப் பாடம்?" உரிமம் இல்லாததை ஒப்படைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 1959 ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி உரிமம் கொடுக்கலாம் என்று 13ஆம் பிரிவில் சொல்கிறது. 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்றையும் வைத்திருக்கின்றன. சட்டம் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. அது வெள்ளிமலைத் திண்ணைக்கு வந்து சேரவில்லை. மலைக்காரனிடம் நாம் பேசுவது "ஒப்படை" என்ற ஒரே வார்த்தைதான். "கழுவு" என்று ஒருவரும் சொன்னதில்லை.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் வைக்கச் சொல்கிறார்கள். 2024இல் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 ரிசல்ட், எண்பது நாள். கழுவாமல் கொடுத்த துப்பாக்கி எண்பது நாள் மூலையில் நின்றால் திரும்பி வருவது துரு பிடித்த குழாய்தான். வைக்க வரும் அன்றே பத்து நிமிஷம் ஒதுக்கி, ஊரில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கச் செய்தால் என்ன குறைந்துவிடும்? கூலி வேண்டாம். பஸ் சார்ஜ்கூட வேண்டாம். 76 வயதானாலும் நான் வருகிறேன்.

அன்று அந்தத் திண்ணையிலேயே ஒரு குண்டான் தண்ணீர் காய்ச்சச் சொன்னேன். முதல் தண்ணீர் மை மாதிரி வந்தது. ஏழாவது முறைக்குத்தான் தெளிந்தது. பெரியவர் குழலை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கப்பா கையில் இருந்தப்ப இப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றார். பையன் போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, நான் சொல்லாமலேயே துணியை எடுத்துப் பிழிந்தான்.

மலைப்பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். முக்கியமாகப் பேரன்களுக்கு.