பிலிம் மலிவா, டிஜிட்டல் மலிவா? கூலியில் கணக்குப் போடுங்கள்

பிலிம் கேமரா திரும்பி வந்துவிட்டது என்று ஒரு கோஷ்டி கொண்டாடிக்கொண்டிருக்கிறது. டிஜிட்டலில் கேமரா, கார்டு, ஹார்ட் டிஸ்க், கம்ப்யூட்டர் என்று மறைமுகச் செலவு அதிகமாம். கூட்டிக் கழித்தால் பிலிம்தான் சிக்கனமாம். யாருக்குச் சிக்கனம் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

கல்வராயன் மலையில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதுவரை அந்த மலை விழுப்புரம் மாவட்டம். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அப்போது நாள் கூலி 80 ரூபாய்.

அதே காலத்தில் 36 படம் எடுக்கும் கலர் ரோல் சுமார் 100 ரூபாய், கழுவ 20, பிரிண்டுக்கு 5 வீதம் 180 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 300. கிட்டத்தட்ட நான்கு நாள் கூலி! கழுவக் கொடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை என்று வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறும் பஸ் காசும், அந்த நாட்களில் போன கூலியும் தனி.

சரி, அது பழைய கதை என்பார்கள். 2025-26ல் அதே வேலைக்குத் தமிழ்நாட்டில் கூலி 336 ரூபாய். ஒரு கலர் ரோல் ஆயிரத்தை ஒட்டி. கழுவி ஸ்கேன் செய்ய இன்னும் சில நூறு. மறுபடியும் நான்கு நாள் கூலி! அதுவும் ஒரு பிரிண்ட்கூட கையில் வராமல்.

பிலிம்காரர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. 2003ல் வந்த கேனான் 300டி, லென்ஸ் இல்லாமலே 899 டாலர், அன்றைய மதிப்பில் 41,000 ரூபாய். பிரிண்ட் செலவு இரண்டுக்கும் பொது. மிச்சமாவது ரோலும் கழுவும் கூலியும், அதாவது 120 ரூபாய். போட்ட பணம் திரும்ப 340 ரோல் எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு 8 ரோல் என்றால் 43 கல்யாணம். ஸ்டூடியோகாரருக்குக் கட்டும், ஒரு குடும்பத்துக்குக் கட்டவே கட்டாது. ஆனால் கணக்கை மாற்றியது அந்தக் கேமரா இல்லை, செல்போன். பேசுவதற்காக வாங்கிய சாமானில் கேமராவும் சேர்ந்து வந்துவிட்டது.

"யோசித்து எடுத்தோம்" என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒன்று. வசதி இல்லாத வீடுகளில் யோசித்து எடுக்கவில்லை, யோசித்துவிட்டு எடுக்காமலே விட்டார்கள். பெரியவர் இறந்த பிறகு மாலை போடப் படம் இல்லாமல், வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிசு பண்ணி மாட்டிய வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை? பிலிம் காலத்தின் உண்மையான செலவு அந்த எடுக்காத படங்கள்தான். எந்தக் கணக்கிலும் அது வருவதில்லை.

பிலிமிடம் ஒரே ஒரு நல்ல பழக்கம் இருந்தது: படம் காகிதத்தில் வந்தே தீரும். போன் உடைந்தால் படமும் போகும். அதற்காக நாலு நாள் கூலியை ரோலில் போட வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போகும்போது அப்பா அம்மா படத்தில் ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தால் போதும். அதைச் செய்துவிட்டுப் பிலிமின் அருமையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.