எழுத்தா, எழுத்தின் படமா?

தேர்வு முடிவு அறிய வேண்டுமா? இணையதளத்தைப் பாருங்கள். கல்லூரியில் சேர வேண்டுமா? விண்ணப்பமும் அங்கேதான். உதவித்தொகை, ரயில் பயணச்சீட்டு, மின் கட்டணம் எல்லாமே அப்படித்தான். செல்லூரிலிருந்து வைகைப் பாலத்தைக் கடந்து அலுவலகம் அலுவலகமாக அலைந்து முடித்த வேலைகள் பலவும் இன்று ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. நல்லதுதான். ஆனால் மாணவர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். அலுவலக வாசலில் சாய்தளம் இல்லாவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. இணையதளத்தின் வாசலிலும் படிகள் உண்டு. அவை மட்டும் ஏன் நமக்குத் தெரிவதில்லை?

பார்வையற்ற ஒருவர் கணிப்பொறியை எப்படிப் பயன்படுத்துகிறார்? திரையில் உள்ள எழுத்துகளைப் பேச்சாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. திரைப்படிப்பான் என்று அவற்றைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. அவற்றுள் ஒன்று. அவரும் பார்வையற்றவரே. அந்த மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அது தமிழும் படிக்கும்.

அது படிக்கும் முறையைக் கவனியுங்கள். எழுத்தின் வடிவத்தை அது பார்ப்பதில்லை. எழுத்துக்கு உரிய எண்ணைத்தான் படிக்கிறது. யூனிகோடு முறையில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949. அந்த எண்ணைக் கண்டதும் 'அ' என்று ஒலிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளின் எண்கள்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியவை. அவற்றில் தட்டிய 'அம்மா' நம் கண்ணுக்கு அம்மாதான். படிப்பானுக்கோ அது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்'!

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. எழுத்துச் சிக்கல் தீர்ந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் கையெழுத்தும் முத்திரையும் இட்ட அறிவிப்பை ஸ்கேன் செய்து, படமாகவே இணையதளத்தில் ஏற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. அங்கே எழுத்துக்கு உரிய எண் எதுவும் இல்லை. வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளே உள்ளன. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது உண்டே என்பீர்கள். உண்மைதான். ஆனால் மங்கலான படத்தில் 13 என்ற தேதியை அது 18 என்று படித்துவிட்டால், விண்ணப்பிக்கும் நாள் தவறிப்போகும். ஒரு மாணவரின் ஓராண்டே அதில் போய்விடலாம். படம் தேவையான இடத்தில் படம் இருக்கட்டும். அதனுடன் விளக்கமும் இருக்கட்டும். 'படம் 1' என்பது விளக்கமாகாது. 'முதல் 5 விநாடிகளில் திசைவேகம் சீராக உயர்வதைக் காட்டும் வரைபடம்' என்றால்தான் விளக்கம்.

பார்வை மங்கியவர்களுக்கு வேறொரு தடை உண்டு. அதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். எழுத்து, பின்னணி இரண்டின் ஒளிர்வு எண்களோடும் 0.05 கூட்டுங்கள்; பெரியதைச் சிறியதால் வகுங்கள். வெள்ளையின் ஒளிர்வு 1, கறுப்பின் ஒளிர்வு 0. ஆகவே வெள்ளைமேல் கறுப்பெழுத்தின் விகிதம் 1.05 ÷ 0.05 = 21. சாதாரண அளவு எழுத்துக்கு இது 4.5க்குக் குறையக் கூடாது என்பது உலகளாவிய நெறிமுறை. திரையின் தூய சிவப்புக்கு ஒளிர்வு 0.2126, அது வெள்ளைமேல் 4.0தான். பச்சைக்கு 0.7152, அது 1.4க்கும் குறைவு! அழகுக்காகப் பச்சையில் எழுதுகிறவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

"இத்தனை பேருக்காக இவ்வளவு வேலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அந்த எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் என் விடை மாறாது. எழுத்தை எழுத்தாகவே தருவது ஒருவருக்குச் செய்யும் சலுகை அன்று. வேலையைச் சரியாகச் செய்வது. அப்படித் தந்த அறிவிப்பில்தான் நீங்களும் ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடியும். நிறவேறுபாடு போதுமான பக்கத்தைத்தான் மதுரை வெயிலில் நின்று கைப்பேசியில் படிக்க முடியும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுத் தகவல்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. மின்னணு வழியில் சேவை பெறுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் பக்கங்களை எழுதுவது நீதிபதிகள் அல்லர். நாளை கணிப்பொறி படிக்கப்போகும் நீங்கள்தான்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். மவுசைத் தொடாமல், டேப் விசையையும் என்டர் விசையையும் மட்டும் கொண்டு ஓர் இணையதளத்தில் விண்ணப்பம் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கை நடுக்கம் உள்ளவர்கள் பலரும் இப்படித்தான் போகிறார்கள். எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிக்கு இணையதளம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். குறை கண்டால் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். திருத்தும் வேலையில் நீங்களும் கைகொடுங்கள்.