இரவல் பொறி வேண்டாம்

தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றைக் கண்டவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். காலையில் அது அடுக்களை; பகலில் தையற்கூடம்; மாலையில் பிள்ளைகளின் பள்ளி; இரவில் படுக்கையறை. அறை ஒன்றுதான். ஆயினும் அந்தந்த வேளைக்கு அது முழு இல்லமாகவே பயன்படுகிறது. ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு முழுக் கணிப்பொறியை இயங்கச் செய்வதும் இத்தகையதே. அதனையே மெய்நிகர்ப் பொறி என்கிறோம். வேறுபாடு ஒன்று உண்டு: அறையில் ஒன்று முடிந்தபின்தான் மற்றொன்று, கணிப்பொறியிலோ இரண்டும் ஒரே வேளையில் இயங்கும்.

இயக்க முறைமை, வலையமைப்பு, தகவல் பாதுகாப்பு போன்ற பாடங்களை எடுத்த மாணவர் பலரும் இன்று இதனைத் தொட்டே ஆகவேண்டும். மாணவரிடம் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி. செய்முறைப் பாடமோ லினக்ஸில். ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி, அதற்குள் லினக்ஸை அமைத்துக் கொண்டு வாருங்கள் என்று ஆசிரியர் பணிக்கிறார். இங்கேதான் நம்மவர் குறுக்கு வழியை நாடுகிறோம். மேல்வகுப்பு அண்ணன் ஒருவர் அமைத்து வைத்த பொறியைப் பென்டிரைவில் அப்படியே வாங்கி வந்து இயக்கிவிடுகிறோம். இந்த இரவல் பழக்கம் நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும் என்பது என் கருத்து.

பிறரைக் குறை கூறுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதற் பருவத்தில் நானும் இரவல் பொறியோடுதான் காலந்தள்ளினேன். பயிற்சிகள் யாவும் ஒழுங்காக நடந்தன. செய்முறைத் தேர்வன்று ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "உன் பொறி வலையோடு எப்படி இணைந்திருக்கிறது? நாட் முறையிலா, பிரிட்ஜ் முறையிலா?" விடை என் எதிரே திரையிலேயே இருந்தது. அதனை எந்தப் பக்கத்தில் தேடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண் போனதுகூடப் பெரிதன்று. அரை ஆண்டுக் காலம் நாள்தோறும் கையாண்ட பொருளைப் பற்றி நான் ஒன்றுமே அறிந்திருக்கவில்லை என்பதுதான் உறைத்தது.

இந்தக் கலை புதியதன்று. 1967இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் சி.பி.-40 என்னும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். ஒரே பெரிய கணிப்பொறிக்குள் ஒரே நேரத்தில் 14 மெய்நிகர்ப் பொறிகள் வரை அதில் இயங்கின. கணிப்பொறி விலைமிக்கது, அதனை நாடுவோரோ பலர். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிப்பொறி இருப்பது போன்ற ஏற்பாட்டைச் செய்தனர். அன்று பெரும் ஆய்வுக்கூடத்துக்கே உரியதாக இருந்த இந்த வசதி, இன்று நம் மடிமீது இருக்கிறது. அதனை அறிந்துகொள்ளும் வாய்ப்பையும் இரவலுக்கு விடுவதா?

தாமே அமைப்பவர் எவற்றைக் கற்கிறார் என்று பாருங்கள். முதலில், செயலியில் மெய்நிகர் வசதி விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெல் 2005இலும் ஏ.எம்.டி. 2006இலும் இவ்வசதியைத் தம் செயலிகளில் சேர்க்கத் தொடங்கின. எனினும் பல கணிப்பொறிகளில் பயாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் என்பது என்ன என்பதைப் பலர் அன்றுதான் அறிகிறார்கள். அடுத்து, நினைவகத்தைப் பங்கிட வேண்டும். வந்தவருக்கு விருந்து படைக்க வேண்டியதுதான். ஆனால் வீட்டார் பட்டினி கிடக்கக் கூடாது. 8 ஜிபி நினைவகத்தில் 6 ஜிபியை உள்ளே இருக்கும் பொறிக்குக் கொடுத்துவிட்டால் விண்டோஸ் மூச்சுத் திணறும்; இரண்டுமே நகரா. படத்திரை இல்லாமல் கட்டளைகளால் இயங்கும் லினக்ஸுக்கு 2 ஜிபி போதும். இத்தகைய கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தவர், இயக்க முறைமைப் பாடத்தில் பாதியைக் கற்றவராவார்.

இரவல் பொறியில் வேறு தீங்கும் உண்டு. அதன் கடவுச்சொல் அதனை வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். உள்ளே யார் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது ஒருவருக்கும் தெரியாது. மேலும், இன்டெல் வகைச் செயலிக்கென அமைத்த பொறி, 2020க்குப் பின் வந்த ஆப்பிள் செயலிகளில் அப்படியே இயங்காது. அமைத்துப் பழகியவருக்குக் காரணம் புரியும். இரவல் வாங்கியவருக்குக் கோபந்தான் மிஞ்சும்.

"கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே கணிப்பொறிகள் உள்ளனவே, வீட்டில் எதற்கு இந்தத் தொல்லை?" என்று கேட்கலாம். ஆய்வுக்கூடம் மாலையில் பூட்டப்படும். அதைவிட முக்கியமானது, அங்கே நமக்கு நிர்வாகி உரிமை இல்லை. எதையும் கெடுத்துப் பார்க்க முடியாது. கெடுத்துப் பார்க்காமல் கற்பது எங்ஙனம்? நம் மெய்நிகர்ப் பொறியில் நாமே நிர்வாகி. முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், எவ்வளவு குழப்பினாலும் ஒரு நொடியில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இன்னும் சிலர், வட்டையே பிரித்து விண்டோஸையும் லினக்ஸையும் அடுத்தடுத்து நிறுவிவிடலாமே என்பர். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவர் என் நண்பர். பகலில் அவர் தந்தையார் சரக்குச் சீட்டுப் போடும் மடிக்கணினியில்தான் இரவில் இவர் படிப்பார். வட்டைப் பிரிக்கப் போய், நிறுவும்போது ஒரு கட்டத்தில் தவறான தெரிவை அழுத்திவிட்டார். முழு வட்டும் அழிந்தது; ஓராண்டுக் கணக்கும் அதனோடு போயிற்று. மெய்நிகர்ப் பொறியின் வட்டு என்பது வெறும் ஒரு கோப்பு. கெட்டால் அதை மட்டும் நீக்கலாம். குடும்பத்துக்கே ஒரு கணிப்பொறி உள்ள வீட்டில் இந்தப் பாதுகாப்பு சிறிதன்று.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கலாகாது. எல்லாரும் தாமே அமைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. வசதி எல்லார்க்கும் ஒன்றன்று. உபுண்டுவின் படத்திரைப் பதிப்பை இறக்க ஏறத்தாழ 6 ஜிபி வேண்டும். செம்பூரில் வீட்டு இணைப்பு உள்ளவருக்கு அது ஒரு மாலை வேலை. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பியிருப்பவருக்கோ நான்கு நாள் இணையம் முழுவதும் அதற்கே செலவாகும். இவர் இரவல் கேட்பதைச் சோம்பல் என்று இகழ்வது அறமாகாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று ஆசிரியர்களுக்கு: பருவத் தொடக்கத்திலேயே தேவையான நினைவகம், வட்டிடம் ஆகியவற்றை அறிவியுங்கள். வகுப்பில் உள்ள மிகச் சிறிய கணிப்பொறிக்கும் பொருந்துமாறு பயிற்சியை வகுத்தளியுங்கள். மற்றொன்று நம் மன்றத்திற்கு: நிறுவுவதற்கான மூலக் கோப்புகளைப் பென்டிரைவ்களில் வைத்து, நூலகத்தில் நூல் தருவதுபோல் தரலாம். கோப்பு பழுதில்லாததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணையும் உடன் தர வேண்டும். கோப்பை நாம் பகிர்ந்துகொள்வோம். அமைப்பதை அவரவர் கையால் செய்வோம்.

நம் நகரத்து வரலாறே இதற்குச் சான்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழுவினர் கணிப்பொறி ஒன்றைத் தாமே வடிவமைத்துக் கட்டினர். 1960இல் அது பணிக்கு வந்தது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதன் நினைவகம் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் வெறும் 10 கேபி. நாம் போதவில்லை என்று குறைப்பட்டுக் கொள்ளும் 8 ஜிபி, அதனைப்போல் எட்டு இலட்சம் மடங்குக்கு மேல். குறைந்த கருவியைக் கொண்டு அவர்கள் பொறியையே கட்டினர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இருந்து வரும் நாம், ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு ஒரு மெய்நிகர்ப் பொறியையேனும் அமைக்க மாட்டோமா? வரும் விடுமுறையில் தொடங்குங்கள், தோழர்களே! முதன்முறை கெடும், கெடட்டும். மறுமுறை அமைக்கும்போது ஏன் கெட்டது என்று உங்களுக்கே தெரியும்.