ரத்தம் சொல்லும் எச்சரிக்கை

கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியைத் தேடுவது நம் வழக்கம். ஆனால் காமாலையுடன் நடுக்கும் காய்ச்சலும் வலது மேல் வயிற்றில் வலியும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பித்த நாளத்தில் கிருமித் தொற்று என்பதற்கான இந்த மூன்று அடையாளங்களை பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-ல் எழுதினார். புத்தித் தடுமாற்றம், ரத்த அழுத்தச் சரிவு என்ற இரண்டை 1959-ல் ரேனால்ட்ஸும் டார்கனும் சேர்த்தார்கள். 'பித்தம் தலைக்கேறியது' என்று நாம் கேலியாகச் சொல்வது இங்கே நிஜமாகவே நடக்கிறது.

பெரும்பாலும் காரணம் ஒரு கல். அது நாளத்தை அடைக்க, தேங்கிய பித்தநீரில் பாக்டீரியா பெருகி, அழுத்தம் ஏறியதும் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. பித்தப்பைக் கல் தெற்கைவிட அதிகமாக உள்ள கங்கைச் சமவெளியில் மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். மருந்திலேயே தேறுபவர் யார், இன்றிரவே மோசமாகப் போகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

பதிலில் பாதி ரத்தத்தில் இருக்கிறது. 2007-ல் வகுக்கப்பட்டு 2013, 2018-ல் திருத்தப்பட்ட டோக்கியோ வழிகாட்டி நெறிகள் ஐந்து அளவுகோல்களைத் தருகின்றன: வெள்ளை அணுக்கள் 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ்; பிலிருபின் 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல்; அல்புமின் மிகக் குறைவு; காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ்; வயது 75. இவற்றில் இரண்டு இருந்தாலே அடைப்பை விரைவில் நீக்க வேண்டும். வெள்ளை அணு குறைந்தால் நிம்மதி அடையக் கூடாது, அதுவும் ஆபத்துதான். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ கிரியேட்டினின் 2-ஐத் தாண்டினாலோ உறுப்புகள் தளர்கின்றன என்று பொருள்.

புரோகால்சிடோனின் என்ற புதிய சோதனையும் உண்டு. பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்திலேயே அது உயர்கிறது. நம்பிக்கை தருகிறது என்றாலும் 2018 நெறிகளின் தீவிர அளவுகோலில் அது சேர்க்கப்படவில்லை.

முன்கூட்டித் தெரிந்து என்ன பயன்? 1992-ல் வெளியான ஹாங்காங் ஆய்வில், தீவிர நிலையில் அறுவை செய்துகொண்ட 41 பேரில் 13 பேர் இறந்தார்கள். எண்டோஸ்கோப்பி மூலம் பித்தநீரை வடித்த 41 பேரில் இறந்தவர்கள் 4 பேர்தான். எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. ஆனால் மேற்சொன்ன சாதாரண சோதனைகளைச் சிறிய ஊர்களிலும் செய்ய முடியும். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு எப்போது அனுப்புவது என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடும், அதை யாராவது அன்றைக்கே படித்தால்.