மறைப்பதும் பிரச்சாரமே!

தோழர்களே! அரண்மனைக் காதலைத் தீட்டினால் கலையாம். உழைப்பாளியின் கண்ணீரைத் தீட்டினால் வெறும் பிரச்சாரமாம்! இவ்வாறு தீர்ப்புரைக்கும் திறனாய்வுப் புலிகள் இன்றும் உளர். அண்மையில் நான் படித்த மூன்று நாவல்களை அவர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி ஆனைமலை ஏறிய ஏழைகள், கடனும் தீராது, காய்ச்சலுக்கும் இரையாயினர். நாம் பருகும் தேநீருக்கு விலை கொடுத்தவர் யார்?

இரண்டாவது, ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979). தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று, கண்டும் கேட்டும் எழுதினார். நம் சோற்றுக்குச் சுவை தரும் உப்பு, அதை வாரியவரின் காலை அல்லவா புண்ணாக்குகிறது!

மூன்றாவது, டி. செல்வராஜின் 'தோல்'. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர், அடிமைநிலை உதறிச் சங்கமாய்த் திரண்ட கதை. 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

கூலி எவ்வளவு என்பதை அரசு அறிக்கை சொல்லும். அந்தக் கூலியில் ஒரு தாய் எப்படி உலை வைத்தாள் என்பதை நாவல்தானே சொல்லும்? கலைக்குறை இருப்பின் காட்டுங்கள், ஏற்போம், கருப்பொருளையே குற்றமாக்காதீர்! உழைப்பவனை ஏட்டிலிருந்து மறைப்பதும் பிரச்சாரமே, சுரண்டுவோனுக்கான பிரச்சாரம்!

தோழர்களே, இவற்றைப் படியுங்கள். படிப்பகந்தோறும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். உழைப்பவன் தன் கதையைத் தன் காதால் கேட்கட்டும்!